லூகாஸ்-லேமரா, பிஆர்பியா? மெர்சென் பகா எண் தேடுவோருக்கு

2^136279841 − 1 போல 4 கோடி இலக்கங்களைத் தாண்டும் மெர்சென் எண் (2-இன் அடுக்கில் 1 குறைந்தது) பகா எண்தானா என்று சோதிக்க நடைமுறையில் இரண்டு வழிகள்: லூகாஸ்-லேமர், இல்லையேல் பிஆர்பி (probable prime, "பெரும்பாலும் பகா எண்") எனப்படும் ஃபெர்மா வகைச் சோதனை. ஓர் எண்ணை முதன்முறையாகச் சோதிக்க பிஆர்பி பக்கம்தான் என் ஓட்டு.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 127-ஐ (2^7 − 1) எடுத்துக்கொள்ளுங்கள். லூகாஸ்-லேமரில் 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாம் சுற்றில் பூஜ்யம் வந்தால் பகா எண். பிஆர்பியில் 3-இல் தொடங்கி வர்க்கம் மட்டும்: 3, 9, 81, 84, 71, 88, 124, 9. ஏழாம் சுற்றில் 9 வர வேண்டும். (3-க்குப் பதில் 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை செய்தால் வீண்வேலை. 23 × 89 ஆன 2047கூட அதில் தேறிவிடும்.)

முடிவைத் தீர்மானிப்பது பிழைதான். 13 கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகளில் எங்கோ ஒரு பிட் புரண்டாலும், ஒரு முழுமையாக்கல் பிழை நுழைந்தாலும் கடைசி மீதி குப்பை. விடை "பகு எண்" என்று வரும். உண்மையான பகா எண் சத்தமில்லாமல் கைநழுவும். லூகாஸ்-லேமரில் இதற்கு இருக்கும் ஜகோபி சோதனை என்ற இடைச்சரிபார்ப்பு பாதிப் பிழைகளைத்தான் பிடிக்கும். ஆகவே முழுக் கணக்கையும் இன்னொரு முறை ஓட்டி, கடைசி 64 பிட்டை ஒப்பிட்டாக வேண்டும். மின்சாரம் இரட்டிப்பு.

பிஆர்பியில் கழித்தலே இல்லை, வெறும் வர்க்கம். அதனால் கெர்பிட்ஸ் சோதனை என்ற பிழைச் சரிபார்ப்பு பொருந்துகிறது. 1000 சுற்றுக்கு ஒருமுறை வரும் மீதிகளைப் பெருக்கிக்கொண்டே போவோம். 10 லட்சம் சுற்று முடிந்ததும், கடைசி மீதியைச் சேர்க்கும் முன் இருந்த பெருக்குத்தொகையை 1000 முறை வர்க்கப்படுத்தி 3-ஆல் பெருக்கினால், அதைச் சேர்த்தபின் வரும் புதிய பெருக்குத்தொகை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கடைசியாகச் சரிபார்த்த சேமிப்புக்குத் திரும்பலாம். கூடுதல் செலவு சுமார் 0.2 சதவீதம். ஓவர்கிளாக் செய்த (வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டும்) ஜிபியுவிலும், அதாவது வரைகலைச் செயலியிலும், துணிந்து ஓட்டலாம். ஆனால் அடிக்கடி பழைய சேமிப்புக்குத் திரும்ப நேர்ந்தால் வேகத்தைக் குறைப்பதே லாபம்.

மறுசோதனைக்கும் முழு ஓட்டம் வேண்டாம், கணக்கு சரியாக ஓடியது என்று இன்னொருவர் குறைந்த வேலையில் சரிபார்க்க உதவும் சான்றுக் கோப்பு போதும். சான்று நிலை 8 என்றால் 256 இடைமீதிகளைச் சேமிக்க வேண்டும். 136279841 என்ற அடுக்குக்கு ஒவ்வொன்றும் 17 எம்பி, மொத்தம் ஏறக்குறைய 4.4 ஜிபி. சரிபார்ப்பவருக்கு மிஞ்சுவது 256-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 5.3 லட்சம் சுற்றுகள். வட்டில் இடம் போதாதா? நிலை 7-க்கு இறக்குங்கள்: இடம் பாதியாகும், அவர் வேலை இரட்டிக்கும்.

ஒன்றில் மட்டும் லூகாஸ்-லேமரை மிஞ்ச முடியாது. பிஆர்பி தேறிய எண் "பெரும்பாலும் பகா எண்", அவ்வளவுதான். லூகாஸ்-லேமர் தருவது நிரூபணம். மேலே சொன்ன எண்ணை 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற தேடல் ஆர்வலர் பிஆர்பி வழியாகத்தான் பிடித்தார். பகா எண் என்று உறுதிசெய்தது அதன்பின் ஓடிய லூகாஸ்-லேமர்.