சேர்ந்து பாடுவதா, ஒரு நிமிடம் மௌனமா?

கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசுப் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்துக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்பார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் வீடும் அதில் உண்டு, ஐந்து வேளை தொழும் வீடும் உண்டு, கறுப்புச் சட்டைத் தாத்தாவின் வீடும் உண்டு.

எல்லாரும் சேர்ந்து ஒரு கடவுள் பாட்டுப் பாடுவது ஒரு வழி. அதன் அழகை நான் மறுக்க மாட்டேன். கூட்டத்தோடு பாடும்போது கூச்சப்படும் பிள்ளைக்கும் குரல் எழும். ஆனால் யாருடைய கடவுள்? 'பொதுவான' பாட்டாகவே தேடி எடுத்தாலும், கடவுள் இல்லை என்று வளர்ந்த பிள்ளை உதட்டை மட்டும் அசைக்கும். பத்து வயதில் பொய்யாகக் கும்பிடப் பழகுவது பக்திக்கும்தான் அவமானம்.

அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, சமய நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றது மௌனம். அல்லாவையோ முருகனையோ ஏசுவையோ நினைக்கலாம். அன்றைய கணக்குத் தேர்வையும் நினைக்கலாம். பக்கத்தில் நிற்பவரைக் கலைக்காமல் இருந்தால் போதும். நான் இதன் பக்கம். ஆசிரியர் மட்டும் "கண்ணை மூடிச் சாமியை நினைங்க" என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.