எதற்கெடுத்தாலும் ஒரே பீப்: ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் பயன்பாட்டு அனுபவம்

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் எங்கள் மெஷின், அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்கிற உருளைகளை (சீவ் பெட்) மாற்றிக்கொண்டு போன வாரம்தான் வீடு திரும்பியது. தன் அப்பாவுக்கு ஒன்று வாங்க வேண்டும், உங்களுடையது எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். போனில் சொல்ல ஆரம்பித்தால் திட்டிக்கொண்டேதான் இருப்பேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின். எடை, வாட் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும், விடுங்கள். அம்மாவுக்கு சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய், இரவு முழுக்க ஓடுகிறது.

மெஷினின் உள்வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். ஜியோலைட் என்ற நுண்துளைத் தாது நிரப்பிய உருளைக்குள் காற்றை அழுத்தினால் நைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும், ஆக்ஸிஜன் வெளியே வரும். அழுத்தத்தை விட்டதும் ஒட்டிய நைட்ரஜன் கழன்று போய்விடும், அதற்குள் பக்கத்து உருளை வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த ‘புஸ்... புஸ்...’ சத்தம் இதுதான். சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ராம் 1960இல் காப்புரிமை பெற்ற முறை இது. காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஆர்கான் வாயுவை ஜியோலைட் பிரிக்காது, அதனால் எந்த மெஷினும் 95, 96 சதவீதத்தைத் தாண்டாது. தாண்டும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பின்பக்க ஃபோம் ஃபில்டரைக் கையாலேயே உருவிக் கழுவலாம். சக்கரமும் நன்றாக உருள்கிறது.

இப்போது அந்த பீப்.

குழாய் மடங்கினால் பீப். கரண்ட் போனால் பீப். உள்ளே சூடேறினால் பீப். ஆக்ஸிஜனின் தூய்மை குறைந்தாலும் அதே பீப். என்ன கோளாறு என்பதை முன்பக்கத்து விளக்குகள் காட்டும் என்கிறது கையேடு. சரி, அந்த விளக்கை யார் பார்ப்பது? மெஷின் போடுகிற சூட்டுக்கும் சத்தத்துக்கும் அதைப் படுக்கையறையில் வைக்கவே முடியாது. ஹாலில் வைத்து, நீளமான குழாயைப் படுக்கைவரை இழுத்திருக்கிறோம். இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று கையேடே படம் போட்டுக் காட்டுகிறது! ஆக, படுத்திருப்பவருக்கு எட்டுவது சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தமோ எதையும் சொல்லாது. வடிவமைத்தவர் மெஷினுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சோதித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கோளாறுக்கும் செய்ய வேண்டியது வேறு. மடங்கிய குழாயை நீவிவிட்டால் போதும். தூய்மை குறைந்தால் உடனே சிலிண்டருக்கு மாற வேண்டும். பெரும்பாலும் குழாய்தான் காரணம் என்பதால், பீப் கேட்டால் குழாயைத் தடவிப் பார்ப்பதே வீட்டில் பழக்கமாகிவிட்டது. அம்மா ஒரு கட்டத்தில் "கத்தட்டும் விடுப்பா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜியோலைட்டில் ஈரம் ஏறித் தூய்மை விழ ஆரம்பித்தபோதும் மெஷின் இதே பீப்பைத்தான் போட்டது. நிஜத்தைச் சொன்னது விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர். ரிப்பேருக்கு வந்தவர் தூய்மையை அளக்கும் அனலைசர் வைத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு சார்" என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. மூலக்காரணம் மென்பொருள் பிழை. ஆனால் அதை இயக்கியவர் கண்ட செய்தி ‘மால்ஃபங்ஷன் 54’, அவ்வளவுதான். ஓயாமல் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டுகிற கருவி என்பதால், ‘பி’ பட்டனைத் தட்டிவிட்டுத் தொடர்வது அவர்களுக்குக் கைப்பழக்கம் ஆகியிருந்தது. பழி மட்டும் எப்போதும் கவனிக்காதவர்மேல்.

மருத்துவக் கருவி அலாரங்களுக்கென்றே ஐஈசி 60601-1-8 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் முன்பு கொடுத்திருந்த குட்டிக் குட்டி மெட்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்டதால் நர்ஸுகளாலேயே பிரித்தறிய முடியவில்லை. ஜூடி எட்வொர்தி என்ற உளவியலாளரும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு, 2020 திருத்தத்தில் அர்த்தமுள்ள ஒலிகள் வந்தன: இதயத்துக்கு லப்-டப், மருந்துக்கு மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம். யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம், கேட்டதும் புரியும். வீட்டு மெஷினுக்கு அத்தனைகூட வேண்டாம். மடங்கிய குழாய்க்கு ஒரு தட்டு, தூய்மைக்கு மூன்று தட்டு என்றிருந்தாலே போதும். ஸ்பீக்கர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மாற்ற வேண்டியது சில வரி நிரல்.

மதிப்பெண் கேட்டால், நியாயமாக ஐந்துக்கு நாலு. கம்ப்ரஸர் இதுவரை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை, அம்மாவும் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆனால் நான் இரண்டுதான் தருவேன். நண்பரே, இதை வாங்காதீர்கள். வேறு எதை வாங்கினாலும் கடையில் ஓடவிட்டு, ஒரு தடவை குழாயை மடக்குங்கள், ஒரு தடவை பிளக்கைப் பிடுங்குங்கள், இரண்டையும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா, அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.