796 சிசியா, 998 சிசியா: பழைய ஆல்ட்டோ வாங்கும்போது

மாருதி ஆல்ட்டோ காரில் வந்த எஃப்8டி, கே10பி இரண்டுமே மூன்று சிலிண்டர், 12 வால்வு பெட்ரோல் இன்ஜின்கள். முதலாவது 796 சிசி, 69 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் சுழல்விசை). இரண்டாவது 998 சிசி, 90 நியூட்டன் மீட்டர். ஏசி போட்டு நான்கு பேரோடு கத்திப்பாரா பாலம் ஏறினால் இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும்.

பராமரிப்பில்தான் முக்கிய வேறுபாடு. எஃப்8டியில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது ரப்பர் டைமிங் பெல்ட். மேனுவல் சொல்லும் கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். கூடவே பெல்ட்டைத் தளராமல் வைக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள். வால்வைத் தள்ளும் கேம் ஷாஃப்டின் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் பட்டு ரப்பர் ஊறி, புது பெல்ட்டும் சீக்கிரம் போய்விடும். பெல்ட் கவரைக் கழற்றி, உள்ளே ஈரப்பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

கே10பியில் பெல்ட்டுக்குப் பதில் செயின். அதற்குத் தனிக் கெடு இல்லை, ஆனால் அதன் உயிர் ஆயிலில் இருக்கிறது. டென்ஷனரை இறுக்கிப் பிடிப்பது ஆயில் பிரஷர்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கம் "கரகர" சத்தம் நீடித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வால்வு இடைவெளி சரிசெய்வதிலும் எஃப்8டி சுலபம். ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு படிந்து வழி அடைத்து, இன்ஜின் சூடேறி, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

நகருக்குள் மட்டும் என்றால் 796 போதும். செங்கல்பட்டு தாண்டி அடிக்கடி போகிறவர்கள் 998 எடுக்கலாம்.