மூலிகைத் தூள் என்று உமித்தூளை விற்கிறார்கள்: கடலோரத்தில் முட்டைக்கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

இராமநாதபுரம் மாவட்டத்தின் உச்சிப்புளி, தேவிபட்டினம், பெரியபட்டினம் பகுதிகளில் முட்டைக்கோழி வளர்ப்பவர்களை வீடு தேடி வந்து, கோடைச் சூட்டைத் தாங்க வைக்கும் மூலிகைத் தீவனச் சேர்க்கை என்று சொல்லி ஒரு மஞ்சள் தூளை விற்கிறார்கள். கிலோ 480 ரூபாய் கொடுத்து அதை வாங்கிப் போட்டதில் எங்கள் கொட்டகையில் முட்டையும் குறைந்தது, கோழிகளும் செத்தன. பக்கத்து ஊர்களில் அதே தூள் இன்னும் விற்பனையாவதால் இதை எழுதுகிறேன்.

வந்தவர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். சித்திரை, வைகாசி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடி, முட்டை ஓடு மெலிகிறது என்பதையும், அதே சூட்டில் உடலின் செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பு கூடுகிறது என்பதையும் சரியாகவே விளக்கினார். நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் கருவாட்டுத் தூளைத் தீவனத்தில் கலக்கிறோம். அதிலுள்ள மீன் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் அளவுக்குக் கெட்டுவிட்டால் தீவனத்திலிருக்கும் வைட்டமின் ஈ அழிந்துபோகும் என்பதும் அவர் சொன்ன உண்மைகளில் ஒன்று. நெல்லிக்காயிலும் மஞ்சளிலும் முருங்கைக் கீரையிலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதும் மெய்தான். மூலிகைகளின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அவற்றின் பெயரைச் சொல்லி வேறொன்றை விற்றதே குற்றம்.

அதைவிடப் பெரிய குற்றம், தாது உப்புக் கலவையையும், கால்சியத்துக்காக வைக்கும் கிளிஞ்சலையும் நிறுத்தச் சொன்னது. அவற்றோடு சேர்ந்தால் மூலிகை வேலை செய்யாது என்றும், தேவையான எல்லாச் சத்தும் இந்தத் தூளிலேயே இருக்கிறது என்றும் உறுதியாகச் சொன்னார். நாள்தோறும் முட்டையிடும் கோழிக்கு ஏறத்தாழ 4 கிராம் கால்சியம் தீவனத்திலிருந்து கிடைக்க வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டுக்கே சுமார் 2 கிராம் போய்விடுகிறது. தீவனத்தில் அது இல்லாதபோது கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டுகிறது. கிலோ தீவனத்துக்கு 5 கிராம் என்று அவர் சொன்ன அளவில் எந்த இலைத்தூளைப் போட்டாலும் அந்தக் குறையை நிரப்ப முடியாது.

முதலில் எல்லாம் நன்றாக நடப்பதுபோலத்தான் தெரிந்தது, ஏனென்றால் மஞ்சள் கரு செக்கச் செவேலென்று மாறிவிட்டது. உடம்பில் சத்து ஏறியதற்கு அதுதான் அடையாளம் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். மஞ்சள் கருவின் நிறம் தீவனத்திலுள்ள நிறமியைப் பொறுத்தது. மஞ்சள் சோளம், செண்டுமல்லி இதழ், கீரை எதைக் கொடுத்தாலும் மாறும், சேர்க்கப்பட்ட சாயத்தாலும் மாறும். கோழியின் ஆரோக்கியத்தைப் பற்றி அந்த நிறம் எதுவும் சொல்லாது. கரு பெரும்பாலும் முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாளில்தான் வளர்கிறது என்பதால், விற்றவருக்குச் சீக்கிரம் காட்டக்கூடிய சான்றாக அது வாய்த்துவிட்டது.

அடுத்து, காலையில் முட்டை பொறுக்கும்போது விரல் பட்ட இடத்தில் ஓடு உள்ளே அமுங்கத் தொடங்கியது. ஓடில்லாத தோல்முட்டைகள் கூடின. சில கோழிகள் கால் மடிந்து எழ முடியாமல் கிடந்தன. இறந்த ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டியபோது மார்பெலும்பு வில்லாக வளைந்திருந்தது. கால் எலும்பு, கையில் பிடித்து அழுத்தியதுமே காய்ந்த சுள்ளிபோல முறிந்தது. கால்சியம் குறைபாடு என்று சொல்லி, கிளிஞ்சலையும் தாது உப்பையும் உடனே திரும்பக் கொடுக்கச் சொன்னார். மற்றக் கோழிகள் பிழைத்தன.

மீதமிருந்த தூளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பார்த்தபோது மேலே உமி மிதந்தது, அடியில் மணல் படிந்தது. பிறகு தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கொடுத்தோம். நார்ப்பொருளும், உமியிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைக் காட்டும் அமிலத்தில் கரையாத சாம்பலும் மிக அதிகம் என்று வந்த அறிக்கை அரைத்த உமியைத்தான் காட்டியது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இத்தகைய ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தீவனத்தைப் பரிசோதிக்கலாம்.

அவர் காட்டிய "ஆய்வுச் சான்று" நகலையும் பின்னர் நிதானமாகப் படித்தேன். அதில் சோதிக்கப்பட்டது சோதனைக் குழாயில் வைத்த நெல்லிக்காய்ச் சாறு. இந்தத் தூள் அன்று, கோழியும் அன்று. கோழியில் பலன் இருக்கிறது என்று சொல்வதானால், தூள் கொடுத்த கோழிகளையும் கொடுக்காத கோழிகளையும் ஒரே தீவனத்தில் வைத்து, ஆக்சிஜனேற்றப் பாதிப்பைக் காட்டும் மாலோன்டயல்டிஹைடு என்ற பொருள் இரத்தத்தில் குறைந்ததா, அந்தப் பாதிப்பைத் தடுக்கும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் கூடினவா, முட்டையும் ஓடும் எப்படி இருந்தன என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அப்படி எதுவும் அவரிடம் இல்லை. பையின் மேல் தயாரித்த தேதியோ, தொகுதி எண்ணோ, எந்த மூலிகை எத்தனை கிராம் என்ற விவரமோ கிடையாது. ஒரு கைபேசி எண் மட்டும் இருந்தது, அதுவும் இப்போது இயங்கவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கும் ஏற்பாட்டில் இருக்கிறேன். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே உழைத்துக் கோழி வளர்ப்பவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இதே தூளை வாங்கியவர்கள் பையையும் மிச்சத் தூளையும் எறிந்துவிடாமல், பணம் அனுப்பிய விவரத்தோடு சேர்த்து எடுத்து வையுங்கள். இப்போதும் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டுக் கிளிஞ்சலை வையுங்கள்.