ஹால்ஸ்டாட்: ஒரு நாள் வேனில், மறுநாள் ரயிலில்

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரத்தில் தங்கியது நாலு நாள். அதில் இரண்டு நாள் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை ஊருக்கே போய்விட்டது. அப்படித் திட்டம் போடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று முதல் நாள் வேன் டூர் எடுத்தேன். அன்று ராத்திரி அதே அம்மாதான், "நாளைக்கு நாமளே போயிட்டு வந்துரலாம்டி" என்றார்.

வேன் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எட்டுப் பேர் உட்காரும் வண்டி. விடுதி வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விளம்பரத்தில் நாலு ஏரி என்று போட்டிருந்தது. காலை ஊன்றிப் பார்த்தது இரண்டுதான். ஓட்டுநர் கைகாட்டி, நான் திரும்புவதற்குள் ஃபுஷ்ல் ஏரி மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. மோண்ட்சே ஏரி வந்தபோது வேனில் பாதிப் பேர் தூக்கம். நானும்தான்.

சாங்க்ட் கில்கன் நிறுத்தம் மட்டும் நிம்மதியாக இருந்தது. இசைமேதை மோட்சார்ட்டின் அம்மா 1720இல் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. பிறகு மோட்சார்ட்டின் அக்கா நானெர்ல் கல்யாணமாகி வந்து குடித்தனம் நடத்தியதும் அதே வீட்டில்தான். மோட்சார்ட் அந்த ஊர்ப்பக்கம் வந்ததே இல்லையாம். ஆனால் ஊர் நடுவில் பிடில் வாசித்துக்கொண்டு நிற்பது அவர் சிலைதான். "பொறந்தவ ஒருத்தி, சிலை பிள்ளைக்கா?" என்று அம்மா கேட்டதற்கு ஓட்டுநரிடம் பதில் இல்லை.

ஹால்ஸ்டாட்டில் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சதுக்கத்துக்கு நடக்கவும் திரும்பவும் அரை மணி. எல்லோரும் படம் எடுக்கும் அந்த ஒரே இடத்தில் வரிசையில் நிற்க இருபது நிமிடம். மிச்சத்தில் கழிப்பறை, காபி. ஊரில் குடியிருப்பவர்கள் சுமார் 750 பேர்தான். சில நாட்களில் பத்தாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். வெறுத்துப்போய் 2023இல் ஏரிக் காட்சியை மறைத்துப் பலகை வேலியே அடித்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள். அந்த மத்தியான நெரிசலில் நின்றபோது வேலி அடித்தவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சரி, ரயில். சால்ஸ்பர்க்கிலிருந்து ஆட்னாங்-புக்ஹைம் போய் அங்கே மாற வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம் போல ஆகும். மாறிய வண்டியில் முதலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், டிராவுன் ஏரி அந்தப் பக்கம்தான் கூடவே வரும். பாட் இஷ்ல் தாண்டியதும் ஹால்ஸ்டாட் ஏரிக்காக வலப்பக்கம் மாறிவிடுங்கள். ஹால்ஸ்டாட் நிலையம் ஏரிக்கு இந்தக் கரையில், ஊர் அந்தக் கரையில். ரயில் நேரத்தை ஒட்டிப் படகு காத்திருக்கும். அதற்குத் தனி டிக்கெட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை அந்த ஊருக்குப் படகிலோ ஒற்றையடிப் பாதையிலோதான் போக முடியும். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே வீட்டின் மேல் வீடாக ஏன் ஏறி நிற்கின்றன என்பது படகிலிருந்து பார்க்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வேனில் வந்தபோது ஊருக்குப் பின்வாசல் வழியாக நுழைந்தது மாதிரி இருந்தது.

அம்மா திரும்ப வரச் சொன்னது எலும்பு வீட்டுக்காக. கத்தோலிக்க தேவாலயத்தை ஒட்டிய சிறு சிற்றாலயம் அது, படியேறிப் போக வேண்டும். அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறினார். கல்லறைத் தோட்டம் கையளவு என்பதால் அந்தக் காலத்தில் சில வருடங்கள் கழித்துக் குழியைத் தோண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எடுத்த மண்டையோட்டைக் கழுவி, வெயிலில் வெளுக்க வைத்து, பெயரெழுதிப் பூ வரைந்து அடுக்குவார்கள். உள்ளே சுமார் 1,200 மண்டையோடுகள், அதில் 600க்கு மேல் வண்ணம் தீட்டியவை. நெற்றியைச் சுற்றி ரோஜா, ஐவிக் கொடி, ஓக் இலை. ஒரே குடும்பத்தார் பக்கத்தில் பக்கத்தில். சிலுவைக்கு அருகில் தங்கப் பல்லோடு ஒன்று இருக்கிறது: 1983இல் இறந்த ஒரு பெண்மணி, அவர் விருப்பப்படி 1995இல் கொண்டுவந்து வைத்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அம்மாவோ குனிந்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

உப்புச் சுரங்கத்துக்குப் போகவில்லை, முழங்கால் ஒப்பவில்லை. 1734இல் அங்கே உப்பில் பதப்பட்ட பழங்காலத் தொழிலாளி ஒருவரின் உடல் கிடைத்த கதையை வேன் ஓட்டுநர் நன்றாகச் சொன்னார், அந்தப் புண்ணியம் அவருக்கு. "மனுஷனை ஊறுகாய் போட்ட மாதிரி" என்றார் அம்மா.

காசில் பெரிய வித்தியாசம் இல்லை. ரயில் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் கொஞ்சம் குறையும். வேனில் கிடைத்த ஒன்றரை மணி, ரயிலில் போனபோது ஐந்தானது. படியேறவே முடியாதவர்கள், ரயில் மாறப் பயப்படுகிறவர்கள் வேனிலேயே போகலாம். முன்பதிவுக்கு முன் எந்த ஊரில் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரயிலில் போகிறவர்கள் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுக்கவில்லை. கடைசியில் அம்மாதான் எனக்கு முன்னால் ஓடினார், முழங்காலோடு.