அடுத்த மாநாடு யார் வளாகத்தில்? மூன்று வழிகளை ஒப்பிட்டால்

ஆண்டுதோறும் ஆய்வு மாநாடு நடத்தும் சங்கங்களுக்கு, ஒரு மாநாடு முடிகிற அன்றே அடுத்த தலைவலி தொடங்கிவிடும்: அடுத்தது எங்கே? நிறைவு விழா மேடையில் "அடுத்த ஆண்டு இன்ன பல்கலைக்கழகத்தில் சந்திப்போம்" என்று சொல்ல முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் "இடம் விரைவில் அறிவிக்கப்படும்" என்று சமாளித்துவிட்டு இறங்குவார்கள்.

இடம் பிடிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொது அழைப்பு விடுத்து, வருகிற முன்மொழிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வட்டாரம் வட்டாரமாக முறை வைத்து, அந்த ஆண்டுக்குரிய வட்டாரத்தில் பொருத்தமான துறையை நேரில் கேட்பது இன்னொன்று. எங்கும் அலையாமல் ஒரே வளாகத்தில் ஆண்டுதோறும் நடத்துவது மூன்றாவது. நான் முறைவைப்பின் பக்கம். பொது அழைப்பைக் கைவிடச் சொல்லவில்லை, அதற்குக் கொடுக்கிற மரியாதையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்கிறேன்.

ஒரே வளாகம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் தகவலை மறைகுறியாக்கிக் காக்கும் குறியாக்கவியல் துறையினரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய கிரிப்டோ மாநாடு 1981இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் இணையத்துக்குப் போனதைத் தவிர, இன்றுவரை அதே வளாகம், அதே ஆகஸ்ட் மாதம். அரங்கில் எத்தனை நாற்காலி, விடுதியில் எத்தனை அறை, எந்த மூலையில் வைஃபை எடுக்காது என்பதெல்லாம் பழகிப்போன விஷயம். புதிதாகப் பொறுப்பேற்பவர் முந்தைய ஆண்டின் கோப்பைத் திறந்து தேதியை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

குறை என்ன? தொலைவில் இருப்பவர் எப்போதும் தொலைவில்தான் இருப்பார். ஒரு நாட்டின் விசா கிடைக்காத ஆய்வு மாணவருக்கு இந்த ஆண்டு மட்டுமல்ல, எந்த ஆண்டும் கதவு திறக்காது. அந்தத் துறையின் பன்னாட்டுச் சங்கமே இதற்கு ஒரு மாற்றும் வைத்திருக்கிறது. கிரிப்டோ நின்ற இடத்தில் நிற்க, யூரோகிரிப்ட் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் ஏசியாகிரிப்ட் ஆசிய-பசிபிக் பகுதியிலும் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. ஆண்டுக்குப் பல மாநாடு நடத்தும் சங்கத்துக்கு இது சரி. ஒன்றே ஒன்றை இழுத்துப் பறித்து நடத்தும் சங்கத்துக்கு?

சரி, பொது அழைப்பு. பார்ப்பதற்கு இதுவே நியாயமான வழி. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை, போட்டி இருக்கும், எல்லாம் எழுத்தில் இருக்கும். நான்காண்டுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுக் கணித மாநாடு போன்ற பெரிய நிகழ்வுகளுக்கு இது பொருந்தவும் செய்கிறது. 2022ஆம் ஆண்டு மாநாட்டுக்குப் பாரிசும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் போட்டியிட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வென்றது. அப்புறம் நடந்தது தெரிந்ததுதான்: 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுக்க, சில நாட்களிலேயே மாநாடு இணையவழிக்கு மாற்றப்பட்டது. பரிசளிப்பு விழா மட்டும் ஜூலையில் ஹெல்சிங்கியில் நடந்தது. போட்டி வைத்துத் தேர்ந்தாலும் நான்கு ஆண்டுக்குப் பிறகு உலகம் எப்படி இருக்கும் என்று எந்த முன்மொழிவிலும் எழுத முடியாது.

ஆண்டு மாநாட்டில் பொது அழைப்பின் சிக்கல் வேறு. அழைப்புக் கடிதம் துணைவேந்தர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து பதிவாளர், அங்கிருந்து துறைத்தலைவர். கடைசியில் யாரிடம் வருகிறதோ அவர் மாநாடு வேண்டும் என்று கேட்கவே இல்லை. முன்மொழிவு என்னவோ அழகாக வரும். வண்ணப்படம், வளாகத்தின் பரப்பளவு, தரவரிசை எண், "உலகத்தரம் வாய்ந்த கட்டமைப்பு" எல்லாம் இருக்கும். வேலை செய்யப்போகிறவர் பெயர் மட்டும் இருக்காது.

நான் இருந்த தேர்வுக் குழு ஒன்றுக்கு இப்படித்தான் ஒரு முன்மொழிவு வந்தது. பெரிய அரங்கம், பக்கத்திலேயே விருந்தினர் விடுதி என்று எழுதியிருந்தார்கள். நேரில் போனால் அரங்கத்தின் கூரை பழுதுபார்ப்பில் இருந்தது, விடுதியில் தேர்வுத்தாள் திருத்த வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கடிதம் எழுதியவருக்கு அது தெரியாது, தெரிந்தவரை யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு வேறு இடம் தேடி மூன்று மாதம் அலைந்தோம்.

முறைவைப்பு இங்கேதான் உதவுகிறது. கணினி மொழியியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, ஆசிய-பசிபிக் என்று மாறி மாறி வருகிறது: 2023இல் டொரோண்டோ, 2024இல் பாங்காக், 2025இல் வியன்னா. தமிழ் ஆய்வுலகில், தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் நாடு மாறி வந்திருக்கிறது. 2011இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகம், 2012இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013இல் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகம். மூன்றே ஆண்டில் மூன்று கண்டத்து... இல்லை, இரண்டு கண்டம், மூன்று நாடு. ஓராண்டு வர முடியாதவர் அடுத்த ஆண்டு வரலாம்.

வட்டாரம் முன்கூட்டியே தெரிந்தால் தேடல் சுருங்கும். அந்த வட்டாரத்திலிருந்து நம் மாநாட்டுக்கு ஐந்தாறு ஆண்டாகத் தொடர்ந்து வருகிறவர் யார், மதிப்பீட்டுக்குக் கட்டுரை அனுப்பினால் சொன்ன நாளில் திருப்பி அனுப்புகிறவர் யார் என்று சங்கத்துக்கே தெரியும். அவரிடம் முதலில் பேசி, அவர் சம்மதித்த பிறகு அவருடைய நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்புவது. பொது அழைப்பின் வரிசையை அப்படியே தலைகீழாக்கினால் இந்த முறை. ஒரு பேராசிரியரின் ஒன்றரை ஆண்டு உழைப்பைத்தான் கேட்கிறோம், அதை அவரிடமே கேட்பதுதானே முறை?

இதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. தெரிந்தவரையே கேட்டுக் கேட்டு, மாநாடு நாலு நண்பர்களின் வீட்டு விசேஷம் ஆகிவிடும். புதிய பல்கலைக்கழகம் உள்ளே வர வழியே இருக்காது. அதனால்தான் பொது அழைப்பைக் கைவிட வேண்டாம் என்கிறேன். வட்டாரத்தை முடிவு செய்து, அந்த வட்டாரத்துக்குள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு மிகாத விருப்பக் கடிதம் கேட்டால் போதும். வளாகத்தின் வரலாறு அதில் வேண்டாம்.

பணத்தில் மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே வளாகத்தில் நடந்தால் செலவு ஏறக்குறைய முன்பே தெரியும். பதிவுக் கட்டணமும் சங்கத்தின் கணக்கிலேயே விழும்படி வைத்துக்கொள்ளலாம். இடம் மாறும்போது பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணக்கில்தான் பணம் விழும். அங்கே ஒப்பந்தப்புள்ளி, நிதி அலுவலர் கையெழுத்து, ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பு என்று ஆயிரம் படி. சிறப்புப் பேச்சாளரின் விமானக் கட்டணம் மாநாடு முடிந்து பல மாதம் கழித்து வந்து சேர்வது இதனால்தான். மிச்சம் வந்தால் யாருக்கு, நட்டம் வந்தால் யார் தலையில் என்பது புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஒற்றை வரியிலாவது இருக்க வேண்டும். மிச்சத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அபசகுனம் மாதிரி பார்ப்பார்கள்.

வாடகை மாநாட்டு மையம் நான்காவது வழி இல்லையா என்று கேட்கலாம். பல ஆயிரம் பேர் வருகிற மாநாட்டுக்கு வேறு வழியே இல்லை. முந்நூறு, நானூறு பேர் கூடுமிடத்துக்கு அது வீண் செலவு. வளாகத்தில் நடந்தால் உள்ளூர் மாணவர்கள் பின்வரிசையில் வந்து உட்கார்வார்கள். அந்த லாபம் எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறாது.

எந்த வழியில் போனாலும், ஒப்புக்கொண்டவர் பின்வாங்கும் நாள் ஒன்று வரும். துணைவேந்தர் மாறுவார், நிதி நிற்கும். 1914இல் தொடங்கிய இந்திய அறிவியல் மாநாடு ஆண்டுதோறும் வளாகம் மாறி நடந்துவந்த பெரிய நிகழ்வு. அதற்கே 2024 ஜனவரியில் இந்த நிலை வந்தது. நடத்துவதாக இருந்த பல்கலைக்கழகம் சில வாரங்களுக்கு முன் விலகிக்கொள்ள, மாநாடு நடக்கவில்லை.

அதனால் முறைவைப்பில் அடுத்த ஆண்டுக்கு மட்டும் ஆள் பார்த்தால் போதாது, அதற்கடுத்த ஆண்டுக்கும் சேர்த்தே பார்த்துவைக்க வேண்டும். முதலாமவர் விலகினால் இரண்டாமவர் ஓராண்டு முன்னதாக ஏற்பாரா என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலானோர் "பார்க்கலாம்" என்பார்கள். "விடுதி மே மாதம் மட்டும்தான் காலி, அப்போது என்றால் சரி" என்று பதில் சொல்கிறவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.