சட்டமா, வண்டியா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பர்மா தேக்குத் தூண்கள், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம். தீப்பிடித்தால்? இவற்றைக் காக்கச் சட்டமன்றம் முதலில் எதைச் செய்ய வேண்டும்: தீப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்குவதா, தீயணைப்பு நிலையங்களைக் கூட்டுவதா?

விதிகளைக் கடுமையாக்கலாம். விடுதியாக மாறும் பழைய வீடுகளில் வயரிங், வெளியேறும் வழி எல்லாம் சோதனைக்கு வரும். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோன பிறகு விழித்தது போல இனியும் கூடாது.

ஆனால் ஆளில்லாத வீட்டில் யார் விதியைப் பார்ப்பது? காரைக்குடியிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் தேக்கு பற்றிக்கொள்ளும். கிராமங்களுக்குப் பக்கத்தில் சிறு நிலையங்கள், போதிய வீரர்கள், அப்புறம் ஊருணியிலிருந்து நீர் இறைக்கும் பம்பு. செலவு அதிகம், சரி. என் ஓட்டு இதற்குத்தான். ஊருணியில் தண்ணீர் இருந்தால்.